அயன மண்டலம் என்னும் சொல்

சித்திரைப் பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 14ஆம் திகதியளவில், நண்பகல் 12.10 மணிக்கு, இலங்கையின் வன்னியில் உள்ள எங்கள் ஸ்கந்தபுரத்தில் ஒரு வளவுக்குள் நேராக நட்டு வைத்த தடிக்கு நிழல் இராது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அந்த நாட்களில் விடுக்கும் அறிவித்தலில் இதற்கு ஓர் அழகான தொடர் உண்டு: இன்ன ஊர்களுக்கு மேலாகச் சூரியன் உச்சம் கொடுக்கிறது என்பார்கள். ஏப்ரல் 5ஆம் திகதியளவில் நாட்டின் தென்கரையில் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வடக்கே ஏறி, பத்து நாளில் அந்த உச்சம் யாழ்ப்பாணத்தைக் கடந்துவிடும். ஸ்கந்தபுரத்தைக் கடந்த மறுநாள் யாழ்ப்பாணம்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஸ்கந்தபுரம் வட அகலக்கோடு 9 பாகை 20 கலை அளவில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். அந்த நாலரை மாதமும் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆறடித் தடி ஒன்றின் நிழல் ஜூன் 21ஆம் திகதி நண்பகலில் தெற்கே ஒன்றரை அடி நீளும். அதே தடி டிசம்பர் 21ஆம் திகதி வடக்கே ஏறக்குறைய நான்கு அடி நிழல் தரும். ஒரே தடிக்கு இரு திசையிலும் நண்பகல் நிழல். உலகத்தில் எந்த நிலப்பரப்பில் இப்படி நடக்கிறதோ அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் இரண்டு பெயர் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இலங்கையில் தமிழில் புவியியல் படித்தவர்களுக்கு அது அயன மண்டலம். அயன மண்டல மழைக்காடு, அயன மண்டலக் காலநிலை என்றுதான் பாடப்புத்தகம் எங்களுக்குச் சொல்லித் தந்தது. பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பாடநூலில் அதுவே வெப்பமண்டலம். வெப்பமண்டல மழைக்காடு, வெப்பமண்டலப் புயல் என்று அங்கே எழுதுகிறார்கள். எங்களிடம் கடகக் கோடு, மகரக் கோடு. அங்கே கடகரேகை, மகரரேகை. கோடும் ரேகையும் ஒன்றே. ஆனால் அயனமும் வெப்பமும் ஒன்றல்ல. ஒன்று சூரியனின் நடையைச் சொல்கிறது, மற்றது உடம்பில் படும் சூட்டைச் சொல்கிறது. இப்போது தொலைக்காட்சி, இணையம் வழியாக வெப்பமண்டலம் இங்கும் பரவிவிட்டது. எங்கள் வானிலை அறிவித்தல்களே இடைவெப்ப வலயம் என்ற சொல்லை எடுத்தாள்கின்றன. அயனம் மெல்ல மெல்லப் பரீட்சைத் தாளுக்குள் ஒடுங்குகிறது. அதைக் கைவிடக்கூடாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்லின் வேரிலிருந்தே எடுத்து வைக்கிறேன்.

மேற்குலகத்துச் சொல் 'திரொப்பிக்கோஸ்' என்ற கிரேக்க மொழிச் சொல்லிலிருந்து வந்தது. திரும்புதல் என்பது அதன் பொருள். சூரியன் ஓர் எல்லை வரை வடக்கே வந்து திரும்புகிறது, இன்னோர் எல்லை வரை தெற்கே போய்த் திரும்புகிறது. அந்த இரண்டு எல்லைகளும் புவியில் 23 பாகை 26 கலை அளவில் வடக்கிலும் தெற்கிலும் வரையப்படும் கோடுகள். இடைப்பட்ட நிலம் திரும்பும் சூரியனுக்குள் அடங்கிய நிலம். அந்தச் சொல்லுக்குள் வெப்பம் என்ற பேச்சே இல்லை.

வெப்பம் வந்தது வேறு வழியால். கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஞானி பார்மனிடீஸ் உலகத்தை ஐந்து பட்டைகளாகப் பிரித்தார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. நடுப்பட்டை எரியும் பட்டை. அரிஸ்டோட்டில் அதை ஏற்று, அங்கே வெயிலின் கொடுமையால் மனிதர் வாழ இயலாது என்று எழுதினார். லத்தீனில் அந்தப் பட்டையின் பெயரே கருகிய பட்டை என்று ஆயிற்று. ஐரோப்பியப் புவியியலில் இப்படி இரண்டு பெயர் ஓடின: திரும்பும் நிலம், எரியும் நிலம். அயன மண்டலம் முதலாவதன் தமிழ். வெப்பமண்டலம் இரண்டாவதன் தமிழ். தமிழ்நாட்டார் வழக்கில் முதலாவது சொல்லுக்கு நேராகவே இரண்டாவதன் பொருளை வைத்துவிட்டார்கள்.

எரியும் பட்டையில் ஆளே இல்லை என்று அரிஸ்டோட்டில் எழுதிய கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் நகரம் இருந்தது. அடுத்த நூற்றாண்டுகளில் வன்னியின் ஆறுகளை மறித்துக் குளம் கட்டும் அறிவு வளர்ந்தது. இந்தத் தீவைத் தப்ரபேன் என்று கிரேக்கர் அறிந்தும் இருந்தார்கள். தங்கள் குளிர் நிலத்தை நடுநிலை என்று வைத்துக்கொண்டு அளந்தவர்களின் கண்ணுக்கு நாங்கள் எரிந்துகொண்டிருந்தோம். வெப்பமண்டலம் என்று எழுதும்போது அந்தக் கண்ணையே நாமும் வாங்கிக்கொள்கிறோம்.

அதே கிரேக்கரிடம் இதைவிட நுட்பமான ஒரு பார்வையும் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பொசிடோனியஸ் மனிதர்களை நிழலை வைத்துப் பிரித்தார். ஸ்திராபோ அதை எழுதி வைத்திருக்கிறார். எங்களைப் போன்றவர்களுக்கு அவர் கொடுத்த பெயரின் பொருள் 'இருபுற நிழலினர்'. சூட்டைச் சொல்லாமல் நிழலைச் சொன்ன அந்தப் பெயர் ஸ்கந்தபுரத்து முற்றத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

இனி அயனம். வடமொழியில் போதல் என்ற வேரிலிருந்து பிறந்தது. வழி, செலவு, நடை என்று பொருள் விரியும். இராமனின் வழி இராமாயணம் ஆனது இந்தச் சொல்லால்தான். சூரியன் வடக்கு நோக்கிச் செல்லும் அரையாண்டு உத்தராயணம், தெற்கு நோக்கிச் செல்லும் அரையாண்டு தட்சிணாயனம். முன்னதில் ணகரமும் பின்னதில் னகரமும் வருவது அச்சுப்பிழையல்ல. உத்தர என்பதில் உள்ள ரகரத்தின் சார்பால் முன்னது ணகரமாகிறது என்பது வடமொழிப் புணர்ச்சி விதி. பஞ்சாங்கம் கணிப்பவர்கள் வழங்கும் அயனாம்சம், சாயனம், நிராயனம் எல்லாம் இதே சொல்லின் பிள்ளைகள். வானியலில் சூரியன் ஒரு திருப்பத்திலிருந்து புறப்பட்டு அதே திருப்பத்துக்கு வர எடுக்கும் ஆண்டு சாயன ஆண்டு. ஆங்கிலத்திலும் அந்த ஆண்டின் பெயரில் திரும்புதல் என்ற கிரேக்கச் சொல்லே இருக்கிறது. ஆக, கிரேக்கர் எதை நினைத்துப் பெயரிட்டார்களோ அதையே நினைத்துப் பெயரிட்ட சொல் எங்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. கலைச்சொல் ஆக்கியவர்கள் புதிதாக ஒன்றையும் தேடவில்லை. பஞ்சாங்கத்தைத் திறந்தார்கள், எடுத்தார்கள்.

அவர்கள் யார் என்பதையும் ஒரு வரியில் சொல்லவேண்டும். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864இல் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே கலைச்சொல் ஆக்கும் மரபு இருந்தது. சுயமொழிக் கல்வி வந்தபின், 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதுறையாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று எங்கள் பாடப்புத்தகத் தமிழுக்கு அந்தத் தொகுதிகளே முதுகெலும்பு.

அயனம் பஞ்சாங்கக்காரருக்கு மட்டும் சொந்தமானது என்று நினைக்கவேண்டாம். வன்னியில் ஒரு வீட்டின் ஆண்டை எடுத்துப் பாருங்கள். தைப் பொங்கல் உத்தராயணம் பிறக்கும் நாள். ஆடி முதல் நாள் தட்சிணாயனம் பிறக்கும் நாள், அன்றைக்குப் பச்சையரிசிமாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த ஆடிக்கூழ் காய்ச்சுவோம், கொழுக்கட்டை அவிப்போம். தமிழ்நாட்டில் ஆடி என்றால் அம்மனும் ஆடிப்பெருக்கும் நினைவுக்கு வரும். ஈழத்தவருக்கு மாதம் பிறக்கும் அந்த முதல் நாளே கொண்டாட்டம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அதைப் பிள்ளைகளுக்கான பாட்டாகவே பாடிவைத்தார். இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் சித்திரைப் பிறப்பு, சூரியன் எங்கள் தலைக்கு நேரே வரும் நாள். பானை பொங்குவதும் கூழ் காய்ச்சுவதும் கைவிசேஷம் கொடுப்பதும் சூரியனின் நடையை ஒட்டித்தான். அயன மண்டலத்தில் வாழ்கிறோம் என்பதை அடுப்படியில் அறிந்து வைத்திருக்கிற சனம் நாங்கள்.

இங்கே கவனமாகப் படிப்பவர் ஒரு கேள்வி கேட்பார். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22, மார்கழி 6ஆம் 7ஆம் நாளளவில். தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. தெற்கே திரும்புவது ஜூன் 21, ஆனி 7ஆம் நாளளவில். ஆடிப்பிறப்பு ஜூலை நடுவில். ஏன் இந்த 24 நாள் பிசகு? எங்கள் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து ஆண்டை அளக்கிறது. சூரியன் திரும்பும் புள்ளியோ விண்மீன்களுக்கு நடுவே மெல்லப் பின்வாங்குகிறது. விண்மீன் ஆண்டு சாயன ஆண்டைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். அந்த 20 நிமிடம் சேர்ந்து சேர்ந்து 71, 72 ஆண்டில் ஒரு நாளாகிவிடும். கி.பி. 285ஆம் ஆண்டளவில் இரண்டும் ஒன்றாக இருந்தன என்பது இந்திய அரசு 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைத்த நாட்காட்டிச் சீரமைப்புக் குழு ஏற்றுக்கொண்ட கணக்கு. அன்றைக்குத் தை முதல் நாளும் உத்தராயணமும் ஒரே நாள். இன்று விலகி நிற்கும் இந்த அளவுக்குத்தான் அயனாம்சம் என்று பெயர்.

கடகக் கோடு, மகரக் கோடு என்ற பெயர்களும் அந்தப் பழைய வானத்தின் நினைவுகளே. பெயர் வைத்த காலத்தில் சூரியன் கடகத்திலும் மகரத்திலும் நின்று திரும்பியது. இன்று திரும்புவது நம் பஞ்சாங்கக் கணக்கில் மிதுனத்திலும் தனுசிலும். சித்திரைப் பிறப்பன்று சூரியன் ஸ்கந்தபுரத்துக்கு நேர் மேலே நிற்பதும் இந்த விலகலால் நமக்கு வாய்த்தது. கி.பி. 285இல் சித்திரை பிறக்கும்போது சூரியன் பூமத்திய கோட்டுக்கு மேலே நின்றது. ஆயிரத்து எழுநூறு ஆண்டு நடந்து, புத்தாண்டின் சூரியன் எங்கள் காலத்தில் வன்னிக்கு மேலே வந்திருக்கிறது. அன்று மருத்துநீர் வைத்துத் தலைமுழுகும் பிள்ளையிடம் இதைச் சொல்லிக் கொடுத்தால் அது வாழ்நாளில் மறக்காது.

நிழல் பார்க்கும் வழக்கம் தமிழில் எவ்வளவு பழையது என்பதற்கு நெடுநல்வாடை சாட்சி. நக்கீரர் அதில் அரண்மனைக்கு நிலம் வகுப்பதை விவரிக்கிறார். இரண்டு கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலில், நூல் அறிந்தவர்கள் நுணுக்கமாகக் கயிறு பிடித்துத் திசை குறிக்கிறார்கள். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அது சித்திரை மாதத்து நாள் என்று பொருள் சொல்கிறார். அந்த அரண்மனைக்குரிய பாண்டியரின் மதுரை ஏறக்குறைய 9 பாகை 55 கலையில் இருக்கிறது. அங்கே இன்று சூரியன் உச்சம் கொடுப்பது ஏப்ரல் 16ஆம் திகதியளவில். நிழல் சாயாத நாள் ஒன்று உண்டு என்பதை வைத்து வீடு கட்டியவர்களுக்கு அயன மண்டலம் என்றால் என்ன என்பதை யாரும் விளக்கவேண்டியிருந்திராது. அவர்கள் சூரிய வட்டத்துக்கு வழங்கிய மண்டிலம் என்ற சொல் வேறு வடிவில் இந்தப் பெயரிலும் உட்கார்ந்திருக்கிறது.

வெப்பமண்டலம் என்ற சொல்லின் பலவீனம் நுவரெலியாவில் வெளிப்படும். ஸ்கந்தபுரத்தைவிடப் பூமத்திய கோட்டுக்கு இன்னும் நெருக்கமான ஊர் அது, 7 பாகைக்குச் சற்றுத் தெற்கே. ஆனால் 1,800 மீற்றருக்கு மேலே இருப்பதால் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். ஜனவரி விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்டு. அங்கே கொழுந்தெடுக்கும் ஒரு தாயிடம் இது வெப்பமண்டலம் என்றால் நம்புவாரா? அயன மண்டலம் என்றால் பொய்யில்லை, சூரியன் அவர் தலைக்கு நேரேயும் ஆண்டில் இருமுறை வருகிறது. மறுபுறம், உலகத்தில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை, 56.7 பாகை, 1913இல் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் பதிவானது. அது கடகக் கோட்டுக்கு வெகுதூரம் வடக்கே இருக்கிறது.

காலநிலையாளர் கெப்பன் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரியும் 18 பாகைக்குக் குறையாத இடத்தையே இந்த மண்டலத்தின் பெயர் தாங்கிய காலநிலை வகையில் சேர்த்தார். அவருடைய கணக்கில் நுவரெலியா வெளியே போய்விடுகிறது. அவர் அளந்தது வெப்பத்தை, ஆகையால் அந்த வகைக்கு வெப்ப வகை என்று பெயரிடுவதில் குற்றமில்லை. கோடுகளுக்கு இடைப்பட்ட நிலத்துக்கும் அதே பெயரைச் சூட்டுவதுதான் குழப்பம். இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் தமிழில் தயாராக இருக்க, ஒன்றை ஏன் அழிக்கவேண்டும்?

காலனித்துவ காலத்தில், 'திரொப்பிக்கோஸ்' வழிவந்த ஐரோப்பியச் சொல்லுக்கு வேறு இரண்டு நிறம் ஏறியது. ஒன்று தோட்டம். 1881இல் கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார்கள். கோப்பி, தேயிலை, கொக்கோ, இறப்பர் எங்கே விளையுமோ அதுவே அந்தச் சொல்லின் பொருளாயிற்று. மற்றது நோய். 1898இல் லிவர்பூலிலும் 1899இல் லண்டனிலும் இந்த நிலங்களின் நோய்களுக்கென்றே பாடசாலைகள் எழுந்தன. நோய்ப் பூமி என்ற அந்த எண்ணத்தை வன்னி நேரடியாகச் சுமந்தது. மலேரியாவுக்குப் பயந்து காட்டுப்பக்கம் குடியேற மறுத்தவர்களின் கதை எங்கள் மூத்தவர்களிடம் உண்டு. 1934, 1935இல் இந்தத் தீவில் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. சூரியன் தன் பாதையை மாற்றவில்லை, வெயிலும் குறையவில்லை. நோய் போனது மருந்தாலும் கண்காணிப்பாலும். அந்த நோய் அயனத்தின் இயல்பு அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஸ்கந்தபுரத்துக் கமக்காரரின் ஆண்டை வெப்பம் வகுப்பதில்லை. எங்களுக்கு ஆண்டு என்பது மாரியும் கோடையும். நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் அளவே, வெப்பநிலையும் பெரிதாக ஏறி இறங்காது. மாறுவது தண்ணீர். சூரியன் தலைக்கு மேலே வந்துபோகும் நாட்களில் பின்னேரம் இடியோடு ஒரு மழை கொட்டும், அது சித்திரைச் சிறுமாரி. பிறகு சூரியன் வடக்கே போகும், கச்சான் காற்று வீசும், நிலம் காயும், காட்டில் பாலைப்பழம் பழுக்கும். ஓகஸ்ட் கடைசியில் சூரியன் மறுபடி எங்கள் மேலாகத் தெற்கே இறங்கும். வடகாற்றும் தென்காற்றும் சந்திக்கும் மழைப்பட்டையும் அதற்குப் பின்னாலேயே தெற்கே வரும். ஐப்பசியில் இடிமழையும் அதன்பின் வாடைக்காற்றோடு வடகீழ்ப் பருவமழையும். அக்கராயன்குளம் நிறையும், இரணைமடு வான்பாயும், காலபோகம் விளையும். குளத்தில் மிஞ்சிய தண்ணீரின் அளவைப் பார்த்தே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள்.

இந்த முழு ஒழுங்கையும் அயனம் என்ற ஒரு சொல் விளக்குகிறது. சூரியன் போகிறது, திரும்புகிறது. மழை அதன் பின்னால் வருகிறது. வெப்பம் என்ற சொல் இதில் ஒன்றையும் விளக்காது. வெப்பமண்டலம் என்று படித்த பிள்ளை, வெக்கையாக இருப்பதால் இந்தப் பெயர் என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அயன மண்டலம் என்று படித்த பிள்ளை அயனம் என்றால் என்ன என்று ஒருமுறையாவது கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஆசிரியர் இருக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. உண்மையில் பல வகுப்பறைகளில் விடை சொல்லப்படவில்லை. சொல்லைப் பாடமாக்கினோம், பொருளைப் பாடமாக்கவில்லை. அயனம் விளங்காத சொல் என்ற குறைபாடு அங்கிருந்துதான் பிறந்தது.

அயனம் வடசொல், வெப்பம் தமிழ் என்று ஒரு வாதம் உண்டு. தனித்தமிழில் அக்கறை உள்ளவர்களை நான் மதிக்கிறேன். சூரியன் திரும்பும் நாளுக்குக் கதிர்த்திருப்பம் என்ற நல்ல தமிழ்ச்சொல் இப்போது வழங்குகிறது. அந்த வழியே திருப்ப மண்டலம் என்று ஆக்கினால் முழுமனதோடு வரவேற்பேன். பொருள் காப்பாற்றப்படும். தமிழ்ச்சொல் வேண்டும் என்பதற்காகப் பொருளைப் பறிகொடுப்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

பாடநூல் எழுதுகிறவர்களிடம் கேட்பது இது: கோடுகளுக்கு இடைப்பட்ட நிலத்துக்கு அயன மண்டலம் என்றே எழுதுங்கள். முதல் தடவை வரும் பக்கத்தில் அயனம் என்றால் சூரியனின் நடை என்று ஒரு வரி சேருங்கள், தைப்பொங்கலையும் ஆடிப்பிறப்பையும் அதில் தொடுத்துக் காட்டுங்கள். ஆசிரியர்களிடம் கேட்பது அதைவிட எளிது. சித்திரைப் பிறப்பன்று பாடசாலை விடுமுறை, ஆகவே பிள்ளைகளை வீட்டு முற்றத்தில் ஒரு தடி நடச் சொல்லுங்கள். முகில் மறைத்துவிட்டால் ஆவணி 13ஆம் நாளளவில், ஓகஸ்ட் 29ஆம் திகதி, இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. அன்றும் ஸ்கந்தபுரத்தில் நிழல் மறையும் நேரம் ஏறக்குறைய அதே 12.10 மணி.